ஜெயங்கொண்டத்தில் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் கோயில் ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர். போய்த் திரும்பினால் இருபது. குறுந்தூர டூயத்லானில் சைக்கிளுக்கு வைத்திருக்கும் தூரமும் இருபதுதான். வரைபடத்தில் இந்தப் பொருத்தத்தைக் கண்ட அன்றே, என் முதல் டூயத்லான் இந்தச் சாலையில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே யாரும் போட்டி அறிவித்திருக்கவில்லை. பதக்கம் கிடையாது, நெஞ்சில் குத்திக்கொள்ள எண் அட்டை கிடையாது. தூரத்தையும் விதியையும் போட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். சாலையும் நண்பர் வீட்டு வாசலும் ஜெயங்கொண்டம் கொடுத்தவை.

டூயத்லான் என்பது ஓடி, சைக்கிள் மிதித்து, மறுபடியும் ஓடுவது. உலக டிரையத்லான் அமைப்பின் குறுந்தூரக் கணக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம். அண்ணன் முறையான டிரையத்லானில் முதலில் நீச்சல் வரும். 1974-இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் தொடங்கிய அந்தப் போட்டி, 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்துவிட்டது. டூயத்லானுக்கு ஒலிம்பிக்கில் இன்னும் இடம் இல்லை. ஆனால் 1990 முதல் அதற்கு உலகப் போட்டி உண்டு. சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் நகரில் 1989-இல் தொடங்கிய நெடுந்தூர டூயத்லானுக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

உள்நாட்டுச் சிறு ஊர்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், யோசிக்காமல் டூயத்லானைத்தான் சொல்வேன். நீச்சலுக்குக் குளம் வேண்டும், கற்றுத்தர ஆள் வேண்டும், கரையில் காவல் வேண்டும். நம் ஏரிகளில் எல்லா மாதமும் தண்ணீர் நிற்பதில்லை. டூயத்லானுக்கு இரண்டு காலும் ஒரு சைக்கிளும் போதும். அந்த இரண்டும் ஜெயங்கொண்டத்தில் தாராளமாக இருக்கின்றன என்பதை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மாசி மாதம் போனேன். கும்பகோணத்தில் ஏறிய பேருந்து திருப்பனந்தாளைத் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. அந்த அணைக்கு வேண்டிய கல்லில் ஒரு பகுதி கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. ஆற்றின் தென்கரையில் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து தலைகாட்டியிருந்தது. வடகரை ஏறி ஜெயங்கொண்டத்தை நெருங்க நெருங்க மண்ணின் நிறம் சிவந்தது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி நாடு. மாசியில் முந்திரி பூத்திருக்கும். அந்தப் பூவின் வாசம் இனிப்போடு கொஞ்சம் காரமும் கலந்தது. திறந்த ஜன்னல் வழியே அது பேருந்துக்குள் வந்து போனது.

நண்பர் வீடு நெசவாளர் தெருவில். ஜெயங்கொண்டமும் சுற்றியுள்ள இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களும் பட்டு நெசவுக்குப் பெயர்போனவை. தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். நண்பரின் அப்பா எழுபது வயதிலும் குழித்தறியில் உட்கார்ந்து மிதிபலகையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் தறியை நிறுத்தினார். “ஓடுறது பெரிசில்லப்பா. முட்டியப் பாத்துக்க. இந்தத் தொழில்ல எங்களுக்கு மொதல்ல போறது முட்டிதான்” என்றார். காலால் உழைத்தே வாழ்ந்தவர் சொன்னது. அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் நண்பர் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் மங்கும் நேரத்திலும் இருபது, முப்பது இளைஞர்கள் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்த்துக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் விடியற்காலையில் யார் ஓடினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்கில் ஒன்றுக்காகத்தான் ஓடுகிறார்கள், அல்லது ராணுவத்துக்காக.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தம்பி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பி.எஸ்சி. முடித்தவர். அப்பாவுக்கு இரண்டு காணி முந்திரி. “போன வருஷத்தவிட இப்ப நல்லா ஓடுறேன் சார். ஆறு நிமிஷத்துக்கு வந்துட்டேன்” என்றார். அது நல்ல வேகம். நெடுந்தூரத்துக்கு ஏற்ற உடல் வாகு. வேலை கிடைத்த பிறகும் ஓடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “தேறிட்டா அப்புறம் எதுக்கு சார் ஓடணும்?”

அந்தக் கேள்வியில் தவறில்லை. ஒரு குடும்பத்தின் வருமானம் அந்த ஏழு நிமிடத்தில் தொங்கும்போது, ஓட்டம் என்பது தாண்ட வேண்டிய வாசல்தான். தாண்டியவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இப்படி எத்தனை நல்ல கால்கள் இருபத்தைந்து வயதில் ஓட்டத்தை விட்டுவிடுகின்றன என்று நினைத்தபோது மனசு கனத்தது. இதே நடுத் தமிழகத்தில், புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட எல்.சூரியா 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே புதுக்கோட்டையின் ஜி.லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரத்தில் 5000 மீட்டரில் ஆசிய சாம்பியன் ஆனார். ஜெயங்கொண்டம் இருக்கும் இதே அரியலூர் மாவட்டத்திலிருந்து போன கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். இந்த மண்ணுக்குத் திறமை புதிதல்ல. பதக்கத்துக்கும் வேலைக்கும் நடுவே, சாதாரண ஆள் வாழ்நாள் முழுக்க ஓடுவதற்கு ஒரு காரணம்தான் இங்கே இன்னும் உருவாகவில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளைப் பார்த்தோம். நண்பரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிளைத்தான் நாளைக்குத் தரப்போகிறாள். 2001–02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005–06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவிகள் அனைவருக்கும் விரிந்தது. அதனால் இந்தப் பக்கம் சைக்கிள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. கியர் கிடையாது, முன்னால் கூடை, பின்னால் கேரியர். பந்தயச் சைக்கிளின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஆனாலும் முதல் டூயத்லானுக்கு இது தாராளம். மூன்று வேலைகள் மட்டும் செய்தோம். சீட்டை உயர்த்தினோம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சைக்கிள் கடையில் இரண்டு டயருக்கும் காற்றடித்தோம். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டோம். கூடையைக் கழற்றலாமா என்று கேட்டேன். “வேணாம் மாமா, தண்ணி பாட்டில் வெக்கலாம்” என்றாள். நல்ல யோசனை.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். “இதுல பொண்ணுங்களுக்குத் தனித் தூரமா மாமா?”

“இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்தான்.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப கடைசி ரெண்டரை நானும் ஓடுறேன்.”

விடியலுக்கு முன்பே எழுந்து அரை டம்ளர் காபியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டேன். இந்த வட்டாரத்தில் மாசிக் காலை எட்டு மணி வரைக்கும்தான் ஓட்டக்காரனுக்குச் சொந்தம். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் வர நினைக்கிறவர்கள் முன்கூட்டியே பத்து, பதினான்கு நாள் வெயிலில் மெதுவாக ஓடி உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வியர்க்கிற விதத்தையே உடம்பு மாற்றிக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும்.

முதல் ஐந்து கிலோமீட்டருக்கு ஆண்டிமடம் சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். இரண்டரை போய், இரண்டரை திரும்பல். நேற்றைய தம்பி கைப்பேசியோடு வந்திருந்தார். நேரம் பார்க்க என்றுதான் வந்தார். கூடவே ஓட ஆரம்பித்துவிட்டார். வீடுகள் முடிந்ததும் முந்திரித் தோப்புகள் வந்தன. கிளைகள் தரையைத் தொடுமளவு தாழ்ந்து பரவியிருக்க, அடியில் சருகு மெத்தையாகக் கிடந்தது. இருட்டு விலகும்போது செம்மண் முதலில் கறுப்பாக, பிறகு ஊதாவாக, பிறகு தன் நிறத்தில் தெரிந்தது. தம்பி முதல் கிலோமீட்டரிலேயே முன்னே பாய்ந்தார். பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. டூயத்லானின் முதல் ஓட்டத்தில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான் சரியான வேகம். டிரையத்லானில் நீச்சல் கைக்கு வேலை கொடுத்துக் காலைக் காப்பாற்றிவிடும். டூயத்லானில் அந்தச் சலுகை இல்லை. காலில் தொடங்கி, காலில் தொடர்ந்து, காலிலேயே முடிக்க வேண்டும். 1500 மீட்டரையே மனசில் வைத்துப் பழகியவருக்கு இதைப் புரியவைப்பது கடினம். ஆனால் அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது முந்திரி விலை, அப்பாவின் கடன், அக்கா கல்யாணம் எல்லாவற்றையும் மூச்சு மாறாமல் பேசிக்கொண்டு வந்தார். “ஓடிக்கிட்டே இவ்ளோ பேசினதில்ல சார்” என்றார்.

நண்பர் வீட்டு வாசலில் சைக்கிள் தயாராக நின்றது. போட்டியில் இந்த மாறும் இடத்துக்கென்று விதிகள் உண்டு. ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். ஏறும் கோடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். இறங்கி, சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே வாரைக் கழற்றலாம். கோலப் பொடியால் நண்பரின் மனைவி ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். அதைத் தாண்டி ஏறி மிதித்தேன். நண்பர் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார், லாரிகளுக்காக. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ள மாவட்டம் இது. கனரக வண்டிகள் நேரம் பார்த்து ஓடுவதில்லை. இந்தச் சாலைகளில் தனியாகச் சைக்கிள் பயிற்சி செய்ய யாருக்கும் சொல்லமாட்டேன். கண்ணில் அடிக்கும் நிறத்தில் சட்டை, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, பார்வைக்கு ஒரு துணை, இந்த மூன்றும் கட்டாயம்.

சாலை கிழக்கே போகிறது. சூரியன் நேரே முகத்தில். கியர் இல்லாத சைக்கிளில் வேகம் காட்ட முடியாது, சீராக மிதிக்கலாம். பெடலை அழுத்தி உதைக்காமல் சுழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் தொடை மிஞ்சும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் இதே மாதிரிச் சைக்கிளில் இரண்டிரண்டு பேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைப் பார்த்து ஒரு சிறுவன் கொஞ்ச தூரம் என்னோடு போட்டி போட்டான். புத்தகப் பையைச் சுமந்துகொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

வழியில் பொன்னேரிப் பக்கம். ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இதுதான். 1014 முதல் 1044 வரை ஆண்ட அவனுடைய படை கங்கைவரை போய் வந்தது. படையை நடத்திப் போனவர் தளபதி. கங்கை நீரோடு திரும்பியவர்களை ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றிக்குக் கல்லில் தூண் நடாமல், நீராலான வெற்றித் தூணாக இந்த ஏரியை அமைத்தான் என்றும் அதே செப்பேடு சொல்கிறது. காவிரிக் கரையிலிருந்து கங்கைக்கும், மறுபடி இங்கேயும். யானையும் குதிரையும் சிலருக்குத்தான். மிச்சப் பேர் அத்தனை ஆயிரம் கிலோமீட்டரையும் காலால் அளந்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பெடல் மிதித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் மன்னனைவிட அவர்கள் நெருக்கமாகத் தோன்றினார்கள்.

தென்னைகளுக்கு மேலே விமானம் தெரிந்தது. ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம், சமதரையில். அது தெரிந்த பிறகு மிதிப்பது சுலபமாகிவிட்டது. தெருவோரக் கடை ஒன்றில் நின்ற பாட்டி, “வேண்டுதலாப்பா?” என்று உரக்கக் கேட்டார். “ஆமாம் பாட்டி” என்று சொல்லிவிட்டுக் கோயில் முகப்பில் வண்டியைத் திருப்பினேன். அந்தப் பதிலில் பொய் இல்லை.

திரும்பும் வழியில் வெயில் முதுகில் ஏறியது. பாட்டில் காலியானது. கடைசி ஒரு கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்துக் காலை லேசாகச் சுழற்றிக்கொண்டே வந்தேன். கோலக் கோட்டுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓடத் தொடங்கியபோது, கால்கள் என்னுடையவையாக இல்லை. முதன்முதலில் செய்கிற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். சைக்கிளில் தொடையின் முன்தசைதான் பெரும்பாடு படுகிறது. இடுப்பு நெடுநேரம் மடிந்தே இருக்கிறது. வட்டமாகச் சுழன்ற காலிடம் திடீரென்று நிமிர்ந்து தரையை உதைக்கச் சொன்னால், அது புதிய கட்டளையைப் புரிந்துகொள்ளச் சில நூறு மீட்டர் ஆகிறது. நீண்ட எட்டு வைக்க முயல்வதுதான் இந்த இடத்தில் ஆபத்து. சின்னச் சின்ன எட்டாக, வேகமாக வைத்துக்கொண்டே போனால் கால் தானாகத் திரும்பி வரும். பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகச் சொல்வது இதற்காகத்தான்.

நண்பரின் மகள் சொன்னபடியே வந்துவிட்டாள். சுடிதார், பள்ளிக்கூட ஷூ. ஒரு பக்கம் அவள், மறு பக்கம் தம்பி, நடுவில் நான். தெருமுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓர் அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “எங்கடி ஓடுற?” என்றார். “சும்மாத்தான் அத்தை!” என்று அவள் கத்தினாள். அந்த ‘சும்மா’வைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்வுக்காக இல்லை, பேருந்தைப் பிடிக்க இல்லை, யாருக்கும் பயந்து இல்லை. பதினேழு வயதுப் பெண் தன் சொந்தத் தெருவில், பட்டப்பகலில், ஓட வேண்டும் என்று தோன்றியதால் ஓடுகிறாள். கடைசி இருநூறு மீட்டரில் இருவரும் என்னை விட்டுவிட்டுப் பறந்தார்கள். வாசலில் தாத்தா தறியிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தார். என் முட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

பிற்பகல் முழுவதும் கோயிலில் இருந்தேன். காலையில் வண்டியைத் திருப்பிய இடத்தில் இப்போது நிதானமாக நடந்தேன். 1987-இல் தஞ்சைக் கோயில் இடம்பெற்ற உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2004-இல் தாராசுரம் கோயிலோடு இதுவும் சேர்ந்தது. சண்டேசருக்கு இறைவன் தன் கையாலேயே பூமாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. தொல்லியல் துறை 1980-களிலும் மறுபடி 2021-லும் தோண்டிய இடம். அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏறக்குறைய 250 ஆண்டு தலைநகராக இருந்த ஊரில் இன்று ஆடு மேய்கிறது. அங்கே நடந்தபோது தொடை வலித்தது. அந்த வலி சுகமாக இருந்தது.

இந்த ஊர் மக்களுக்குத் தூரம் புதிதல்ல. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களிலிருந்து சமயபுரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, இரவு முழுக்க நடந்து போகிறவர்கள் ஏராளம். அறுபது வயது அம்மாக்கள் செருப்பில்லாமல் போகிறார்கள். பாட்டி என்னை வேண்டுதலா என்று கேட்டது அந்த அனுபவத்திலிருந்துதான். அரசும் தன் பங்குக்கு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கிவைத்தது. நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடி முடித்த மா.சுப்பிரமணியன் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த திட்டம் அது. நடை வந்துவிட்டது என்றால் ஓட்டமும் சைக்கிளும் வருவதற்குத் தடை என்ன?

சிறிய டூயத்லானுக்கு வேண்டியவை மிகக் குறைவு. சைக்கிள்களை வரிசையாக நிறுத்த ஒரு பள்ளி மைதானம். லாரிகளை இரண்டு மணி நேரம் வேறு வழியில் திருப்பிவிடக் காவல்துறையின் ஒத்துழைப்பு. தண்ணீர், வாழைப்பழம், ஒரு செவிலியர், ஓர் ஆம்புலன்ஸ். எல்லாருக்கும் ஹெல்மெட். கியர் சைக்கிளுக்கு ஒரு பிரிவு, பள்ளிக்கூடச் சைக்கிளுக்கு ஒரு பிரிவு. புதியவர்களுக்குத் தூரத்தைப் பாதியாக்கி இரண்டரை, பத்து, ஒன்றேகால் என்று வைக்கலாம். நடுவில் நடந்தாலும் தவறில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் முன்னதாகவே நடையும் ஓட்டமுமாகத் தொடங்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது பேருந்து நிலையம் வரை தம்பி வந்தார். “தேறிட்டாலும் இந்த மாதிரி ஒண்ணு இருந்தா ஓடுவேன் சார்” என்றார். ஜெயங்கொண்டத்தில் கால்கள் இருக்கின்றன, சைக்கிள் இருக்கிறது, சாலை இருக்கிறது, ராஜேந்திரன் விட்டுப்போன இலக்கும் இருக்கிறது. குறிக்கப்பட வேண்டியது ஒரு தேதி. உடற்கல்வி ஆசிரியர்களும் இந்த இளைஞர்களும் கூடித் தை மாத ஞாயிறு ஒன்றைக் குறித்துவிட்டால், முதல் ஆண்டு முப்பது பேர் வந்தாலே வெற்றிதான். அந்த முப்பதில் பத்துப் பேர் பெண்களாகவும், பத்துப் பேர் நாற்பதைக் கடந்தவர்களாகவும், பத்துப் பேர் வேலையில் சேர்ந்த பிறகும் ஓட்டத்தை விடாத காவலர்களாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.